விபத்துக்கு முன், விபத்துக்குப் பின்: ‘லாஸ்ட்’ தொடரில் காலம் கலைந்து அடுக்கப்படும் விதம்

விமான விபத்தை வைத்துக் கதை எழுத உட்காரும் எவருக்கும் முதல் சிக்கல், எங்கே தொடங்குவது என்பதுதான். விமான நிலையத்தில் பயணிகளை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தி, வானில் ஏற்றி, பிறகு கீழே விழ வைக்கலாம். பழைய பேரிடர்ப் படங்கள் பலவும் அப்படித்தான் செய்தன. அதில் ஒரு தொல்லை உண்டு. விமானம் விழப்போகிறது என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். அதனால் அறிமுகக் காட்சிகளையெல்லாம் ‘எப்போது விழும்’ என்ற அவசரத்தோடுதான் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த ஆட்களின் மீது மனம் ஒட்டாது.

2004 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘லாஸ்ட்’ அந்த வழியில் போகவில்லை. முதல் காட்சியில் ஒரு கண் திறக்கிறது. கோட்டும் டையும் அணிந்த ஒருவன் மூங்கில் காட்டுக்குள் மல்லாந்து கிடக்கிறான். மரக்கிளையில் யாருடையதோ ஒரு வெள்ளை ஷூ தொங்குகிறது. ஒரு நாய் அவனை எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது. அவன் எழுந்து கடற்கரைக்கு ஓடும்போதுதான் நமக்கு விஷயம் தெரிகிறது: மணலெங்கும் விமானத்தின் துண்டுகள், அலறல், இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் என்ஜின். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்ட ஓஷியானிக் 815 என்ற கற்பனை விமானம், 324 பேருடன் வானிலேயே பிளந்து விழுந்திருக்கிறது. நடுப்பகுதியில் இருந்தவர்களில் 48 பேர் பிழைத்திருக்கிறார்கள். கதைப்படி விபத்து நடந்த நாளும், தொடர் ஒளிபரப்பான நாளும் ஒன்றேதான்.

ஆக, விபத்து முடிந்த பிறகு கதை தொடங்குகிறது. அப்படியென்றால் இந்த மனிதர்கள் யார், எதற்காக அந்த விமானத்தில் ஏறினார்கள் என்பதை எப்போது, எப்படிச் சொல்வது? ஆறு சீசன்களும் 121 எபிசோடுகளும் கொண்ட இந்தத் தொடரின் கட்டுமானம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையிலிருந்து முளைத்ததுதான். பிளாஷ்பேக், அதன் தலைகீழ் வடிவம், அதற்கும் அப்பால் போன சில விளையாட்டுகள் ஆகியவற்றை, கதை சொல்லும் உத்திகளைப் பற்றி முன்பின் படித்திராதவர்களுக்கும் புரியும்படி விளக்குவதே இங்கே நோக்கம். முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை. தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால், முதல் சீசனையாவது முடித்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் ஓர் அடிப்படை. எந்தக் கதைக்கும் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று, நிகழ்ச்சிகள் நடந்த வரிசை. மற்றொன்று, அவற்றை நமக்குச் சொல்லும் வரிசை. பாட்டி சொல்லும் கதையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே போகும்: ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான், அவனுக்கு ஒரு மகன் பிறந்தான், அந்த மகன் வேட்டைக்குப் போனான். துப்பறியும் கதையில் இரண்டும் பிரிந்துவிடும். கொலை முதலில் நடந்தது. ஆனால் அது எப்படி நடந்தது என்பது கடைசியில்தான் சொல்லப்படும். சொல்லும் வரிசை முன்னேறிக்கொண்டிருக்கும்போது, நடந்த வரிசையில் முன்பே முடிந்துபோன ஒன்றை இடையில் எடுத்துச் செருகினால் அது பிளாஷ்பேக். நம் ரசிகர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. திரையில் வட்டம் வட்டமாகச் சுருள் சுழன்றால் நாயகனின் பழைய கதை வரப்போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இணையத்தில் எழுதுகிற தமிழர்கள் ‘கொசுவத்தியைச் சுற்ற விடுகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் மலரும் நினைவுகளைத் தொடங்குவார்கள்.

வழக்கமான படத்தில் பிளாஷ்பேக் ஒரே ஒருமுறை, இடைவேளைக்குப் பிறகு மொத்தமாக வந்துபோகும். ‘லாஸ்ட்’ அதைத் துண்டு துண்டாக நறுக்கியது. தொடக்க சீசன்களில் ஒரு எபிசோடுக்குப் பெரும்பாலும் ஒரு பாத்திரம். அந்த எபிசோடு முழுவதும் தீவில் ஏதோ ஒரு சிக்கல் ஓடிக்கொண்டிருக்கும். நடுநடுவே அந்தப் பாத்திரத்தின் பழைய வாழ்க்கை சில நிமிடத் துண்டுகளாக வந்து வந்து போகும். கேமரா முகத்தை நெருங்கும், விமானம் தலைக்கு மேல் கடந்து போவதுபோல ஓர் ஓசை எழும்பி அடங்கும், வேறொரு இடத்தில் இருப்போம். சுருளும் இல்லை, புகையும் இல்லை, ‘அது ஒரு காலம்’ என்ற வசனமும் இல்லை. நான்கைந்து எபிசோடுகளில் காது பழகிவிடும். அந்த ஓசை கேட்டாலே மனம் தானாகப் பின்னால் போகத் தயாராகிவிடும். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடரின் மிகப் பெரிய ஏமாற்று வேலை இதன் மீதுதான் நடக்கப்போகிறது.

முதல் பிளாஷ்பேக்கே இந்த உத்திக்கு நல்ல மாதிரி. மூங்கில் காட்டில் கண் விழித்த ஜாக் ஒரு மருத்துவன். அவன் கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு குட்டி வோட்கா பாட்டிலை எடுக்கிறான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சற்று நேரம் கழித்து, காயத்தைத் தைக்க உதவும் கேட் என்ற பெண்ணிடம் கையைச் சுத்தம் செய்துகொள்ள அதையே கொடுக்கிறான். பிறகு விமானத்துக்குள் போகிறோம். மது நீர்த்திருக்கிறது என்று ஜாக் முகம் சுளிக்க, பணிப்பெண் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று சிரித்தபடி இரண்டு குட்டி பாட்டில்களை நீட்டுகிறாள். ஒன்றைக் குடிக்கிறான், மற்றதைப் பையில் போடுகிறான். அடுத்த சில நொடிகளில் விமானம் குலுங்கத் தொடங்குகிறது. தகவல் என்று பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு பொருள் நிகழ்காலத்திலும் கடந்த காலத்திலும் ஒருசேர நிற்கும்போது, இரண்டும் ஒரே வாழ்க்கையின் இரு பகுதிகள் என்பதை யாரும் சொல்லாமலே நாம் ஏற்றுக்கொள்கிறோம். சாதாரண பயணிக்குச் சாதாரணமாகக் கிடைத்த ஒரு சலுகை, சில மணி நேரத்தில் கிருமிநாசினி ஆகிவிடுகிறது. விபத்து என்பது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சிக்கனமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த உத்தியின் பின்னணியில் நடைமுறைக் காரணமும் இருந்தது. தீவில் சிக்கிக்கொண்டவர்களின் கதையைப் படமாக எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் வேண்டும் என்றால்? ஒரே கடற்கரை, ஒரே காடு, தண்ணீர் தேடுவது, விறகு பொறுக்குவது என்று எத்தனை வாரம் ஓட்டுவது? யோசனையை முதலில் கிளப்பியவர் ஏபிசியின் அன்றைய தலைமைப் பொறுப்பில் இருந்த லாயிட் பிரான். ஜெஃப்ரி லீபர், ஜே.ஜே. ஆப்ராம்ஸ், டேமன் லிண்டலாஃப் ஆகியோர் படைப்பாளிகளாகப் பெயர் பெற்றார்கள். பின்னர் லிண்டலாஃபும் கார்ல்டன் கியூசும் சேர்ந்து தொடரை நடத்தினார்கள். ஹவாயின் ஓஹாவு தீவில், பழைய லாக்ஹீட் எல்-1011 விமானத்தின் உடலைத் துண்டு போட்டுக் கடற்கரையில் பரப்பி முதல் இரண்டு பாகங்களை எடுத்தார்கள். செலவு ஒரு கோடி டாலரைத் தாண்டியது. அந்தக் காலத் தொலைக்காட்சிக்கு அது மலைக்க வைக்கும் தொகை. தொடர் ஒளிபரப்பாகும் முன்பே பிரான் வேலையை இழந்தார். ஒவ்வொரு வாரமும் முன்கதைச் சுருக்கத்துக்கு முன் ஒலிக்கும் அந்த அறிவிப்புக் குரல் அவருடையது என்பது பலருக்குத் தெரியாது. இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாகினோ விமானத்தின் உலோகப் பாகங்களையே தட்டித் தாள ஒலி எழுப்பினார்.

பிளாஷ்பேக் இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்த்தது. தீவில் மாட்டிக்கொண்டவர்கள் மாட்டிக்கொண்டபடியே இருக்கலாம்; நாம் மட்டும் வாரம் ஒருமுறை சியோல், சிட்னி, ஈராக், லாஸ் ஏஞ்சலிஸ் என்று போய்வரலாம். அதோடு, தீவில் எல்லோரும் எல்லோருக்கும் அந்நியர்கள். கைவிலங்கு மாட்டி அழைத்துவரப்பட்ட குற்றவாளி யார் என்று கடற்கரையில் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். ஈராக் ராணுவத்தில் இருந்த சயீத் மீதுதான் முதலில் பழி விழுகிறது. (அந்தப் பாத்திரத்தில் நடித்த நவீன் ஆண்ட்ரூஸ், கேரளத்திலிருந்து போன பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர்.) விலங்கு கேட்டின் கையில் இருந்தது என்பதைப் பிளாஷ்பேக் நமக்குக் காட்டிவிடுகிறது. கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் தெரியாது. அவர்களைவிட நமக்கு ஒருபடி அதிகம் தெரிகிறது என்பதாலேயே அடுத்து வரும் ஒவ்வொரு சாதாரண உரையாடலும் பதற்றமாகிவிடுகிறது.

இந்த உத்தி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியது 2004 அக்டோபர் 13 அன்று வந்த நான்காவது எபிசோடு. அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஜான் லாக் என்ற நடுத்தர வயதுக்காரர். வழுக்கைத் தலை, அமைதியான சிரிப்பு. தீவில் உணவு தீர்ந்துபோகும்போது, பெட்டி நிறையக் கத்திகளோடு வந்து, காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகலாம் என்கிறார். எல்லோரும் அசந்துபோகிறார்கள். இவர் யார், முன்னாள் ராணுவத்தினரா, கூலிக் கொலையாளியா? நமக்கும் அதே கேள்வி. பிளாஷ்பேக் தொடங்குகிறது. தொலைபேசியில் ஒருவர் அவரை ‘கர்னல்’ என்று அழைக்கிறார். ஆகா, ராணுவம்தான் என்று நினைக்கும்போதே கேமரா விலக, தடுப்புப் பலகைகள் போட்ட ஓர் அலுவலகம் தெரிகிறது. அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனத்தில் அலுவலக வேலை. ‘கர்னல்’ என்பது மதிய உணவு வேளையில் விளையாடும் போர் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். இளம் மேலாளர் வந்து கிண்டல் செய்கிறான். லாக் தன் இருக்கையை விட்டு எழாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த துண்டில் வீட்டில் படுக்கையில் சாய்ந்தபடி ஒரு பெண்ணிடம் தொலைபேசியில் காதலோடு பேசுகிறார். அவள் காசு வாங்கிக்கொண்டு பேசுபவள். கடைசித் துண்டு ஆஸ்திரேலியாவில், காட்டு நடைப்பயணம் அழைத்துச் செல்லும் நிறுவனத்தின் அலுவலகம். உங்கள் நிலையை எங்களிடம் மறைத்துவிட்டீர்கள், உங்களை அழைத்துப்போக முடியாது என்கிறார் அங்கிருப்பவர். என்னால் முடியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள் என்று லாக் கத்துகிறார். அவர் மேசையைச் சுற்றிப் பஸ்ஸை நோக்கித் திரும்பும்போதுதான் தெரிகிறது: சக்கர நாற்காலி. நான்கு ஆண்டுகளாக நடக்க முடியாத மனிதர்.

அங்கிருந்து நேரே விபத்து நடந்த கடற்கரை. சிதைவுகளுக்கு நடுவே கிடக்கும் லாக்கின் கால் விரல் அசைகிறது. அவர் அதை நம்பாமல் பார்க்கிறார். உதவிக்கு வாருங்கள் என்று ஜாக் தூரத்திலிருந்து கூப்பிட, எழுந்து நிற்கிறார்.

இந்த எபிசோடில் எந்தக் காட்சியும் பொய் சொல்லவில்லை. எல்லாப் பிளாஷ்பேக்கிலும் லாக் உட்கார்ந்தோ படுத்தோதான் இருக்கிறார். அது நம் கண்ணெதிரில்தான் நடக்கிறது. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை யார் கேள்வி கேட்பார்கள்? தகவலை மறைக்காமல், அதைக் கவனிக்கத் தோன்றாத இடத்தில் வைத்தார்கள். இன்னொன்றையும் பாருங்கள். இதே செய்தியை நேர் வரிசையில் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? சக்கர நாற்காலியில் இருந்தவர் விமானம் ஏறினார், விபத்து நடந்தது, எழுந்து நடந்தார். அது ஒரு அதிசயம், அவ்வளவுதான். வரிசையைத் திருப்பிப் போட்டதால், மற்றவர்கள் சாவாகப் பார்க்கும் ஒரு நாள் இந்த மனிதருக்குப் பிறந்த நாளாக இருந்திருக்கிறது என்பது கடைசி நொடியில் வந்து இறங்குகிறது. அவர் ஏன் மீட்புக் கப்பலை எதிர்பார்க்கவில்லை, தீவை ஏன் கோவில்போலப் பார்க்கிறார் என்பதற்கெல்லாம் பிறகு தனி விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே எபிசோடைப் பார்த்து இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் கைகாட்டுவேன்.

ஆனால் எந்த உத்திக்கும் ஆயுள் உண்டு. ஒரு மனிதனின் பழைய வாழ்க்கையில் தோண்டுவதற்கு எவ்வளவுதான் இருக்கும்? மூன்றாவது சீசனில் பஞ்சம் தெரிய ஆரம்பித்தது. ஜாக்கின் கையில் உள்ள பச்சை எப்படி வந்தது என்று சொல்ல ஒரு முழு எபிசோடைச் செலவழித்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. நிக்கி, பாவ்லோ என்று இருவரைத் திடீரென்று கூட்டத்துக்குள் நுழைத்தார்கள். ரசிகர்கள் கொதித்துப்போக, அந்த இருவரையும் உயிரோடு புதைத்துக் கணக்கை முடித்தார்கள். எனக்கு அந்தப் புதைக்கும் எபிசோடு பிடிக்கும் என்பது வேறு விஷயம். சிக்கலின் வேர், தொடர் எப்போது முடியும் என்றே யாருக்கும் தெரியாததுதான். முடிவு தெரியாமல் ஒரு மர்மக் கதையை வேகமாகவும் நகர்த்த முடியாது, நிறுத்தவும் முடியாது. 2007 மே மாதம் சேனல் ஒரு முடிவுக்கு வந்தது: 2010இல் தொடர் நிறைவடையும். ஓடிக்கொண்டிருக்கும் வெற்றித் தொடருக்கு மூன்று ஆண்டுகள் முன்கூட்டியே முடிவு நாள் குறிப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரிது.

அதே மாதம் 23ஆம் தேதி மூன்றாவது சீசனின் இறுதி எபிசோடு ஒளிபரப்பானது. தீவில், ஒரு கப்பலோடு தொடர்புகொண்டு எல்லோரையும் மீட்டுவிட ஜாக் போராடுகிறான். இடையிடையே வழக்கம்போல அவனுடைய பிளாஷ்பேக். தாடி வளர்த்து, மாத்திரைக்கு அடிமையாகி, பாலத்திலிருந்து குதிக்கப்போகும் ஜாக். நமக்குக் குழப்பமே இல்லை. அவனுடைய மணமுறிவு பற்றி முன்பே தெரியும். அதே மருத்துவமனையில் மருத்துவராக இருந்த அப்பா குடிகாரர் என்பதும் தெரியும். மருத்துவமனையில் ஜாக் கத்துகிறான்: மாடியிலிருந்து என் அப்பாவைக் கூப்பிடுங்கள், அவரைவிட நான் அதிகம் குடித்திருந்தால் என்னை வேலையை விட்டு அனுப்புங்கள். அப்பா இறந்துபோய், அவருடைய சவப்பெட்டியைக் கொண்டுவரத்தான் ஜாக் அந்த விமானத்திலேயே ஏறினான். அப்படியானால் அப்பா உயிரோடிருக்கும் இது விபத்துக்கு முந்தைய காலம். கணக்கு சரியாக இருக்கிறது.

கடைசிக் காட்சி. இரவு, விமான நிலையத்தின் வேலி ஓரம். ஜாக் யாரையோ தொலைபேசியில் வரச்சொல்லியிருக்கிறான். கார் வந்து நிற்கிறது. இறங்குபவள் கேட்.

விபத்துக்கு முன் ஜாக்குக்குக் கேட்டைத் தெரியாது. தீவில் காயம் தைத்தபோதுதான் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். ஆக, நாம் பார்த்துக்கொண்டிருந்தது கடந்த காலம் இல்லை, எதிர்காலம். தீவிலிருந்து தப்பித்த பிறகான வாழ்க்கை. அப்பாவைப் பற்றிய பேச்சு, போதையில் கலங்கிய ஒருவனின் உளறல். நாம் திரும்பிப் போக வேண்டும் என்று ஜாக் அவளிடம் கதறுகிறான்.

நடந்த வரிசையில் இனிமேல் வரவேண்டியதை எடுத்து இப்போதே காட்டுவதை முன்னோக்குக் காட்சி என்று சொல்லலாம். உத்தி புதிதில்லை. அதை அடையாளம் காட்டாமல், மூன்று ஆண்டுகளாக நாம் பழகிய பிளாஷ்பேக்கின் உடையைப் போட்டு அனுப்பியதுதான் துணிச்சல். துப்புகளை வைக்காமலும் இல்லை. அந்த எபிசோடில் ஜாக் போகும் இறுதிச்சடங்கு நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகளை மாற்றி அடுக்கினால், ‘ஃபிளாஷ் ஃபார்வர்டு’ என்று அந்த உத்தியின் பெயரே வரும். எத்தனை பேர் முதல் தடவையிலேயே பிடித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. திரும்பப் பார்ப்பவர்களுக்கான தின்பண்டம் அது.

இந்தத் திருப்பம் அதிர்ச்சியோடு நிற்கவில்லை. நாம் கதையிடம் கேட்கும் கேள்வியையே மாற்றிவிட்டது. மூன்று சீசன்களாக, தப்பிப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். விடை வந்துவிட்டது: சிலர் தப்பித்துவிட்டார்கள். விடை தெரிந்தால் கதை செத்துவிடும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக நடந்தது. தப்பித்தவன் ஏன் இப்படி நாசமாகிக் கிடக்கிறான், வீடு திரும்பியவன் ஏன் மறுபடியும் அந்த நரகத்துக்கே போகத் துடிக்கிறான், மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேள்விகள் பெருகின. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பசிபிக் கடலைத் தாண்டும் விமானத்தில் ஏறி, இதுவும் விழாதா என்று ஜாக் காத்திருப்பதாகச் சொல்கிறான். பெரும் விபத்திலிருந்து மீண்டவர்களின் குற்றவுணர்வைத் தொலைக்காட்சி இவ்வளவு கூர்மையாகத் தொட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான்காவது சீசனில், வெளியேறியவர்கள் ஆறு பேர் என்பதும், நடந்ததைப் பற்றி உலகத்திடம் கூட்டாகப் பொய் சொல்லி வாழ்கிறார்கள் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது.

இரண்டு உத்திகளும் கைவசம் இருந்தால் இரண்டையும் கலக்கலாம் அல்லவா? அதே நான்காவது சீசனில் கொரியத் தம்பதியான சன், ஜின் பற்றிய எபிசோடு ஒன்று. ஒரு பக்கம் சன் பிரசவ வலியோடு மருத்துவமனைக்குப் போகிறாள். இன்னொரு பக்கம் ஜின் பெரிய பாண்டா பொம்மையை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு அடித்துப் பிடித்து ஓடுகிறான். கணவனும் மனைவியும் தப்பித்துவிட்டார்கள், குழந்தை பிறக்கப்போகிறது என்று நாம் நெகிழ்ந்திருக்கும்போது, ஜின் பொம்மையை வேறு யாருடைய அறையிலோ கொடுக்கிறான். உங்களுக்கும் குழந்தையா என்று தாதி கேட்க, எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது என்கிறான். சன்னின் காட்சிகள் எதிர்காலம். ஜின்னின் காட்சிகள் பழைய காலம். கடைசியில் கைக்குழந்தையோடு சன் போய் நிற்பது ஜின் பெயர் பொறித்த கல்லறைக் கல்லின் முன்னால். பொம்மைக் கடைக்காரர், இது டிராகன் ஆண்டு என்று பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். சீன நாட்காட்டியில் அது 2000. துப்பு அங்கேயே கிடந்தது.

ஐந்தாவது சீசனில் வேறொன்று நடக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான், விளக்கம் சிறியதுதான். இதுவரை காலத்தில் முன்னும் பின்னும் போனது கதை சொல்பவர். பாத்திரங்கள் தங்கள் இடத்தில்தான் இருந்தார்கள். இப்போது பாத்திரங்களே காலத்தில் நகர்கிறார்கள். தீவில் எஞ்சியவர்கள் பல காலங்களில் தூக்கியெறியப்பட்டு, 1974இல் போய் நிலைகொள்கிறார்கள். நமக்கு அது கடந்த காலம், அவர்களுக்கோ அடுத்த நாள். முன்னது சொல்லும் முறை. பின்னது கதைக்குள் நடக்கும் சம்பவம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ஐந்தாவது சீசனில் தலை சுற்றாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அற்புதம், 2008 பிப்ரவரியில் வந்த, டெஸ்மண்ட் என்ற பாத்திரத்தின் எபிசோடு. அவனுடைய உடல் நகர்வதில்லை, மனம் மட்டும் 1996க்கும் 2004க்கும் இடையே ஊசலாடுகிறது. பிளாஷ்பேக் என்ற உத்தியே பாத்திரத்துக்கு நோயாக வந்துவிட்டதுபோல. எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அழைப்பேன், எண்ணை மட்டும் மாற்றாதே என்று 1996இல் காதலியிடம் கெஞ்சுகிறான். 2004இல் அந்தத் தொலைபேசி மணி அடிக்கும் காட்சியில் கண் கலங்காதவர்கள் குறைவு.

கடைசி சீசன் 2010இல் புதிய ஒன்றைக் கொண்டுவந்தது. விமானம் விழாமல் பத்திரமாக லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குகிறது. அதே ஆட்கள், சற்றே மாறிய வாழ்க்கை. தீவின் கதை ஒரு பக்கம் ஓட, இந்த வாழ்க்கை பக்கவாட்டில் ஓடுகிறது. ஐந்தாவது சீசனின் முடிவில் 1977இல் ஒரு குண்டு வெடித்திருந்ததால், வரலாறு மாறி இன்னொரு உலகம் கிளைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். தொடரும் அப்படி நினைக்கவிட்டது. பழக்கத்தின் மீது ஏமாற்றும் அதே பழைய வித்தைதான். இந்தத் தடவை எனக்கு முழு நிறைவில்லை. இதற்காகத் தீவில் ஒரு கோவிலுக்குள் வைத்து நடந்த நீண்ட வெட்டிப் பேச்சுகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2010 மே 23 அன்று வந்த இறுதி எபிசோடில் விடை கிடைத்தது. பக்கவாட்டில் ஓடியது வேறு உலகம் இல்லை. இறந்த பிறகு அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதற்கான இடம். இங்கேதான் தொடரைப் பற்றிய மிகப் பெரிய தவறான புரிதல் பிறந்தது. ‘கடைசியில் எல்லோரும் விமான விபத்திலேயே இறந்துவிட்டார்களாம்’ என்று தொடரைப் பார்க்காதவர்கள்கூடச் சொல்வார்கள். அது தவறு. நடந்த வரிசை, சொல்லும் வரிசை என்ற இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் குழப்பம் விலகிவிடும். விபத்து நடந்தது, தீவு இருந்தது, அங்கே நடந்த அத்தனையும் நடந்தது. சிலர் தீவில் இறந்தார்கள், ஜாக் உட்பட. கேட் உள்ளிட்ட சிலர் விமானமேறித் தப்பித்து, நமக்குக் காட்டப்படாத வாழ்க்கையை வாழ்ந்து, எப்போதோ இறந்தார்கள். தேவாலயத்தில் ஜாக்கின் அப்பா இதை வெளிப்படையாகவே சொல்கிறார்: உனக்கு நடந்ததெல்லாம் உண்மை, இங்கிருப்பவர்களில் சிலர் உனக்கு முன்பே இறந்தார்கள், சிலர் உனக்குப் பிறகு வெகுகாலம் கழித்து. நடந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரவேண்டிய ஒன்றை, சீசன் முழுவதும் துண்டு துண்டாகச் செருகியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அதுவும் ஒரு முன்னோக்குக் காட்சிதான், ஆயுளுக்கு அப்பால் போன ஒன்று.

குழப்பத்தில் சேனலுக்கும் பங்குண்டு. எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவு கிடக்கும் காட்சிகளை ஓட்டினார்கள். பார்த்தவர்கள் பலர், யாருமே பிழைக்கவில்லை என்பதற்கான ஆதாரமாக அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சிகள் கதையின் பகுதி இல்லை, அடுத்து வரும் செய்தி நிகழ்ச்சிக்கு முன் ரசிகர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட அவகாசம் தருவதற்காகவே சேர்க்கப்பட்டவை என்று ஏபிசி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகளாக, திரையில் தெரியும் ஒவ்வொரு சிறு பொருளையும் துப்பாகப் பார்க்கும்படி ரசிகர்களைப் பழக்கிவிட்டு, இது மட்டும் சும்மா போட்டது என்றால் யார் கேட்பார்கள்?

இப்போது பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒன்றிரண்டு யோசனைகள். தீவின் கதைதான் முக்கியம் என்று பிளாஷ்பேக்குகளைத் தாவிவிடாதீர்கள். தீவின் கதை அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் தொடங்கும்போது, இதை எப்போது நடந்ததாக நினைக்கிறேன், எதை வைத்து அப்படி நினைக்கிறேன் என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது சீசனின் நடுப்பகுதி இழுத்தால் அலுத்துக்கொண்டு நிறுத்திவிடாமல் இறுதி எபிசோடு வரை போய்விடுங்கள். அதுவரை இணையத்தில் தொடரின் பெயரைத் தேடாமல் இருப்பது உத்தமம். தேடுபெட்டியே மிச்சத்தைச் சொல்லிக் கெடுத்துவிடும். இறுதி எபிசோடை முடித்ததும், பெயர்கள் ஓடத் தொடங்குவதற்குள் தொலைக்காட்சியை அணைத்துவிடலாம்.